வாசகர் கேள்வி – பதில்: லயனெல் ரயில் துணைக்கருவிகளில் உதிரும் வயர்

கேள்வி: அமெரிக்கப் பொம்மை ரயில் நிறுவனமான லயனெலின் பழைய 145 கேட்மேன் (காவலாளி உள்ள சிறு குடில்) ஒன்று கிடைத்தது. ரயில் வரும்போது கதவு திறந்து, காவலாளி கையில் விளக்கோடு வெளியே வரவேண்டும். பல்பு எரிகிறது, ஆனால் ஆள் பாதியிலேயே நின்றுவிடுகிறார். அடியில் வயரின் உறை தொட்டாலே உதிர்கிறது. டேப் சுற்றினால் போதுமா?
– வாசகர், நியூ ஜெர்சி

பதில்: போதாது. டேப் சுற்றும்போது வயர் வளையும். வளைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் விழும். 145 வெளிவரத் தொடங்கியது 1950-இல். அந்தக் கால உறை ஓரிடத்தில் உதிர்ந்தால் மற்ற இடங்களும் காய்ந்திருக்கும் என்றே கொள்ளுங்கள். பல்பின் சூடு படும் பகுதிதான் முதலில் போகும். ஆகவே ஒரு சால்டரிலிருந்து (ஈயம் பற்றவைத்த இணைப்பு) அடுத்த சால்டர் வரை முழு நீளத்தையும் மாற்றுங்கள்.

கழற்றும் முன் அடிப்பக்கத்தைப் படம் எடுங்கள். ஒரு வயரைக் கழற்றி, அதற்குப் புதியதைப் போட்டுவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டினால் எது எங்கே போனது என்று தேடவேண்டி வரும். பல இழை கொண்ட 22 கேஜ் வயர் போதும். பழையதைவிட 2 செ.மீ. கூடுதலாக வெட்டுங்கள், நகரும் பாகங்களில் வயர் இழுபடக்கூடாது. 60/40 ரோசின் கோர் ஈயம் (நடுவில் பிசின் உள்ள பற்றவைப்புக் கம்பி), 40 வாட் பற்றவைப்பு அயர்ன் எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் வேலைக்கான ஆசிட் ஃபிளக்ஸ் வேண்டவே வேண்டாம். சில மாதங்களில் செம்பு பச்சை பிடித்து இணைப்பு விட்டுப்போகும். டெர்மினலைச் சுரண்டிப் பளிச்சென்று ஆக்கினால் இரண்டு மூன்று விநாடியில் ஈயம் பிடிக்கும். அழுக்கோடு சூடு கொடுத்துக்கொண்டே இருந்தால் பக்கத்துப் பிளாஸ்டிக் உருகும்.

ஆளை நகர்த்தும் காயிலிலிருந்து (கம்பிச் சுருள்) வரும் வயர்களில் மட்டும் அவசரம் கூடாது. அந்த வயர் உள்ளே மயிரிழை போன்ற எனாமல் கம்பியோடு இணைந்திருக்கும். இழுத்தால் கம்பி அறுந்து, மேல் சுற்றைப் பிரித்து மீண்டும் பற்றவைக்க வேண்டியிருக்கும். இழைகள் நன்றாக இருந்தால் உதிர்ந்த உறையை மட்டும் மெல்லத் தட்டி எடுத்துவிட்டு, மறுமுனையைக் கழற்றி, காயில் ஒட்டும் இடம்வரை ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை (சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் குழல்) நுழைத்துவிடுங்கள். இழைகள் கறுத்து முறிந்தால் காயிலிலிருந்து 1 செ.மீ. விட்டு வெட்டி, புதிய வயரைப் பற்றவைத்து, இணைப்பின் மேல் ஸ்லீவ் போடுங்கள்.

ஆள் பாதியில் நிற்பதற்கு வயரிங் மட்டுமே காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, காயில் இயங்கும்போதே கருவியின் டெர்மினலில் அளந்து பாருங்கள். டிரான்ஸ்பார்மரில் 14 வோல்ட், இங்கே 10 வோல்ட் என்றால் 4 வோல்ட் வழியில் வயரிலோ இணைப்பிலோ போகிறது. இங்கேயும் 14 இருந்தால் காயிலுக்குள் ஓடும் இரும்புத் தண்டைக் கழற்றி ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். எண்ணெய் விடாதீர்கள், தூசி சேர்ந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

தண்டவாளத்தின் அடியில் வைக்கும் 145சி கான்டாக்டரையும் (எடை பட்டால் இணையும் சுவிட்ச்) பாருங்கள். ரயிலின் எடை ஏறினால் மட்டுமே அது தொட வேண்டும். திருகு நட்டைச் சுழற்றிச் சரிசெய்யலாம். காயில் தொடர்ந்து மின்சாரம் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல. ரயிலை அந்த இடத்தில் நிறுத்திவைத்தால் காயில் சூடேறிக் கருகும், புது வயரும் கூடவே போகும்.

கேள்வி: லயனெலின் இசட்டபிள்யூ (ZW) டிரான்ஸ்பார்மரில் சர்க்யூட் பிரேக்கர் இருக்கிறதே, ஃபியூஸ் எதற்கு?
– வாசகர், டொரன்டோ

பதில்: அந்த பிரேக்கர் டிரான்ஸ்பார்மரைக் காப்பாற்றத்தான். அது விழும் முன்பே 22 கேஜ் வயர் புகைந்துவிடும். தவிர, பிரேக்கர் இருப்பது பொது இணைப்பான 'யூ' பக்கம். வெளியீட்டு முனைகளான 'ஏ'யும் 'பி'யும் நேரடியாக ஒட்டிக்கொண்டால் அந்த மின்சாரம் பிரேக்கர் வழியாகப் போவதே இல்லை. எனவே 'ஏ', 'பி', 'சி', 'டி' ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ் வையுங்கள். துணைக்கருவிகளுக்குப் போகும் 'பி', 'சி' இரண்டுக்கும் 3 ஆம்பியர் போதும்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த லயனெல் டிரான்ஸ்பார்மரை இங்கே போடலாமா? பிளக் வயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் வெடித்திருக்கிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நேரடியாக 230 வோல்ட்டில் செருகவே கூடாது. முதலில் பிளக் வயரை மாற்றுங்கள்: 18 கேஜ் இரட்டை வயர், உள்ளே நுழைந்ததும் ஒரு முடிச்சு அல்லது பிடிப்பான், அப்போதுதான் வெளியே இழுத்தால் சால்டரில் இழுவை விழாது. மாற்றியபின் பிளக்கின் ஒவ்வொரு ஊசிக்கும் பெட்டியின் உலோகத்துக்கும் இடையே ஓம்ஸ் பாருங்கள், எதுவும் காட்டக்கூடாது.

அடுத்து ஸ்டெப்-டவுன், அதாவது 230 வோல்ட்டைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்பார்மர். லயனெல் தகட்டில் 115 வோல்ட், 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்) என்று இருந்தால், நம் 50 சைக்கிளில் அதே வோல்ட் கொடுக்கும்போது இரும்புக்கரு அதிகம் சூடேறும். 115-ஐ 60-ஆல் வகுத்து 50-ஆல் பெருக்கினால் சுமார் 96 வரும். ஆகவே 110-ஐவிட 100 வோல்ட் தரும் ஸ்டெப்-டவுன் பொருத்தம். 20 வோல்ட் கிடைத்த இடத்தில் 17 கிடைக்கும். கேட்மேனுக்கும் சிக்னல் விளக்குக்கும் அது தாராளம். 275 வாட் இசட்டபிள்யூ என்றால் 500 விஏ அளவில், தனித்தனிச் சுற்றுள்ள ஐசொலேட்டட் வகையாகக் கேட்டு வாங்குங்கள். பயணத்துக்கு விற்கும் சிறிய எலக்ட்ரானிக் கன்வெர்ட்டர் இதற்கு உதவாது.