ஒஸ்லோவில் இருந்துகொண்டு மலைவீட்டைச் சூடாக்குவது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நோர்வேக்காரர் ஹித்தே என்று சொல்லும் விடுமுறை வீடுகள் இந்த நாட்டில் நான்கு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. "ரிங் ஹித்தா வார்ம்" என்று அவர்களிடம் ஒரு சொல் உண்டு. போன் அடித்து ஹித்தேயைச் சூடாக்கு என்பது பொருள். கம்பி வழி வந்த போன் லைன் இப்போது மலைப்பக்கம் கிடையாது, ஆனால் சொல் மட்டும் அப்படியே நிற்கிறது. நான் எலக்ரீசியன். கோல், யைலோ என்ற மலை ஊர்ப் பக்கத்து ஹித்தேகளில் நிறைய ஹீற்றர் பூட்டியிருக்கிறேன், அதைவிட நிறையப் பழுதும் பார்த்திருக்கிறேன். கேள்விகள் சேர்ந்துவிட்டதால் எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே எழுதுகிறேன்.

ட்ரம்மனில் இருந்து: அண்ணா, போன வருடம்தான் ஒரு பழைய ஹித்தே வாங்கினோம். லைன் போனும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. எதில் தொடங்குவது?

சாமான் வாங்குவதில் தொடங்காதீர்கள் தம்பி. முதலில் உங்கள் கைபேசியை எடுத்துக்கொண்டு பியூஸ் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். அந்த இடத்தில் சிக்னல் எப்படி என்று பாருங்கள். முற்றத்தில் நாலு கோடு காட்டும் போன் உள்ளே ஒன்றைக்கூடக் காட்டாது. கூரை தகரம், பெட்டியும் தகரம். மனைவியின் போன் வேறு கம்பனி என்றால் அதையும் வைத்துப் பாருங்கள். ஒரு பள்ளத்தாக்கில் ஒரு கம்பனி பிடிக்கும், அடுத்த வளைவில் மற்றதுதான் பிடிக்கும்.

அதற்குப் பிறகு இரண்டு வழி. ஒன்று, சிம் போட்ட சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டி: நீங்கள் எஸ்எம்எஸ் அனுப்ப அது ஹீற்றர் சேர்கிட்டைப் போடும், நிறுத்தும். மற்றது, 4ஜி ரவுட்டர் ஒன்றை வைத்து வைஃபை உள்ள ஹீற்றர்களை அதில் இணைப்பது. கிழமைக்குக் கிழமை போகிறவர்களுக்கு இரண்டாவது வசதி. குளிர்காலத்தில் இரண்டு தரம் மட்டும் போகிறவருக்கு முதலாவதே போதும். மாதக் கட்டணமும் குறைவு, பழுதாகக்கூடிய சாமானும் குறைவு.

ஒஸ்லோவில் இருந்து: வீட்டோடு சேர்த்து ஒரு பழைய சிம் பெட்டியும் வந்தது. அதையே பாவிக்கலாமா?

அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். 2ஜி, 3ஜி மட்டும் என்று போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். 3ஜியை இங்கே சில வருடங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள், 2ஜியும் அதே வழியில்தான் போகிறது. புதிதாக வாங்கினால் 4ஜி அல்லது எல்டிஇ-எம் என்று எழுதியிருக்க வேண்டும். எல்டிஇ-எம் இப்படிப்பட்ட சின்னப் பெட்டிகளுக்கென்றே வந்தது, சுவருக்குள்ளும் கொஞ்சம் நன்றாகப் பிடிக்கும்.

சிம்மைப் பெட்டியில் போடுவதற்கு முன் ஒரு கைபேசியில் போட்டு, சிம்மைத் திறக்கக் கேட்கும் பின் (PIN) இலக்கத்தை நீக்குங்கள். இதைச் செய்யாத ஹித்தேகள் எத்தனை பார்த்துவிட்டேன்! மின்சாரம் ஒரு தரம் போய்வந்தால் பெட்டி பின் இலக்கம் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும். நீங்கள் ஒஸ்லோவில் இருந்து எஸ்எம்எஸ் மேல் எஸ்எம்எஸ் அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். முற்பணச் சிம் என்றால் இன்னொரு தொல்லை: பல மாதம் பாவிக்காவிட்டால் இலக்கமே செத்துவிடும்.

பேர்கனில் இருந்து: நாங்கள் இல்லாத நேரத்தில் ஹீற்றரை முழுக்க நிறுத்திவிட்டு, வரும்போது மட்டும் போனில் போட்டால் காசு மிச்சம்தானே?

தண்ணீர்க் குழாயை என்ன செய்தீர்கள் என்பதில் இருக்கிறது பதில். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருகும். குழாய் தாங்காது. உறைந்து கிடக்கும்வரை ஒன்றும் தெரியாது, வெளியே குளிர் குறைந்தோ நீங்கள் போனில் சூடாக்கியோ அது உருகிய பிறகுதான் கொட்டத் தொடங்கும். நண்பர் ஒருவரின் ஹித்தேக்குப் பனி உருகும் நேரத்தில் போனோம். கதவைத் திறந்ததும் உள்ளே மழை பெய்கிற சத்தம். கூரைப் பலகை வீங்கித் தொங்குகிறது, தரையில் கால் மூழ்கும் தண்ணீர். அங்கே போன்வழிச் சூடாக்கும் வேலையைச் செய்து கொடுத்தவன் நான்தான். சிம் காலாவதியாகி, அவர் கடைசியாக அனுப்பிய "5 பாகையில் வை" என்ற செய்தி போய்ச் சேரவே இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பிடிவாதம். சூடாக்குவதைப் போனிடம் விடலாம், உறையாமல் காப்பதை விடக்கூடாது. குழாய் இருக்கும் குளியலறையிலும் குசினியிலும், கையால் திருப்பும் தெர்மோஸ்டாற் உள்ள ஹீற்றர் ஒவ்வொன்றை 5 முதல் 8 பாகையில் தனியாக விடுங்கள். சிம், ரவுட்டர், ஆப் எதுவும் அதைத் தொடக்கூடாது. சரி, அதற்கும் மனமில்லை என்றால் தண்ணீரை முழுக்க வடித்து, குழாயைக் காற்றால் ஊதி, கழிவுக்குழாய் வளைவுகளிலும் கழிப்பறையிலும் புரொப்பிலீன் கிளைக்கோல் ஊற்றுங்கள். காருக்கு ஊற்றுவது எத்திலீன் கிளைக்கோல், அது நஞ்சு, அதை ஊற்றாதீர்கள்.

அதே பேர்கன் அக்கா: சுடுதண்ணீர்த் தொட்டியையும் போனில் போடலாமா?

வடித்துவிட்டுப் போனீர்கள் என்றால் போடவே கூடாது. தொட்டிக்குள் தண்ணீர் இல்லாமல் கொயிலுக்குக் கரண்ட் போனால் எரிந்துவிடும். ஆகவே அதைப் போனில் போடும் சேர்கிட்டில் இருந்து பிரித்துவிடச் சொல்லுங்கள். ஒரு விஷயம், நிரந்தரமாகப் பூட்டும் மின்வேலையை இங்கே பதிவு செய்த நிறுவனம்தான் செய்யலாம். என் தொழிலுக்காகச் சொல்லவில்லை, தீப்பிடித்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அந்த நிறுவனம் தந்த தாளைத்தான்.

ஸ்தவாங்கரில் இருந்து: மாதம் எவ்வளவு கரண்ட் இழுக்கும்?

கணக்கு சுலபம். வெப்ப இழப்பு உள்ளேயும் வெளியேயும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. வெளியே மைனஸ் 5, உள்ளே 5 என்றால் வித்தியாசம் 10. உள்ளே 15 என்றால் 20, அதாவது செலவு இரண்டு மடங்கு. உங்கள் ஹித்தேயை 5 பாகையில் வைக்கச் சராசரி 1 கிலோவாட் போகிறது என்று வையுங்கள். நாளுக்கு 24 யூனிட், மாதத்துக்கு 720. பதினைந்தில் வைத்தால் 1440.

2025 அக்டோபரில் வந்த நோர்கெஸ்பிரிஸ், அதாவது அரசின் நிலையான விலைத் திட்டம், ஹித்தேக்கு மாதம் 1000 யூனிட் வரைதான். இந்த உதாரணத்தில் 5 பாகை அதற்குள் அடங்கும், 15 தாண்டிவிடும். வெள்ளிக்கிழமை சூடாக்கி ஞாயிற்றுக்கிழமை இறக்கிவிடுகிறவர் தப்பினார்.

அடுத்தது பலர் கவனிக்காதது. 2022 ஜூலையில் இருந்து மின்கம்பிக் கட்டணத்தில் ஒரு பங்கு, நீங்கள் ஒரு மணிநேரத்தில் எவ்வளவு இழுக்கிறீர்கள் என்பதைப் பார்க்கிறது. பல மின்வலைக் கம்பனிகள் மாதத்தின் வெவ்வேறு மூன்று நாட்களில் அதிகம் இழுத்த மணிநேரங்களின் சராசரியை எடுக்கின்றன. போனில் ஒரே ஒரு "போடு" அனுப்பி ஆறு ஹீற்றரும் தொட்டியும் ஒன்றாக எழும்பினால் கட்டணம் ஒரு படி ஏறும். பழைய ஹித்தேயில் 25 அம்பியர் ஒற்றைக்கட்டம் என்றால் 5.75 கிலோவாட்டோடு எல்லை முடிந்தது. அதைத் தாண்டினால் பியூஸ் விழும், அதற்குப் பிறகு எந்தப் போனாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே அவசரப்படாமல் முதல்நாள் இரவே பாதி ஹீற்றர்களைப் போடுங்கள். காற்று இரண்டு மூன்று மணிநேரத்தில் சூடாகும், மெத்தையும் மரச் சுவரும் ஆகாது. தடித்த மரக்குற்றிகளை அடுக்கிக் கட்டிய வீடு என்றால் ஒரு முழுநாள் கொடுங்கள்.

லோரன்ஸ்கூக்கில் இருந்து: ஸ்மார்ட் பிளக் ஒன்றை வாங்கி ஹீற்றருக்கு மாட்டினால் போதாதா? மலிவாகக் கிடைக்கிறது.

ஒரு சோதனை செய்யுங்கள். ஹீற்றரைப் போட்டுவிட்டு பிளக்கைக் கழற்றி மறுபடி குத்துங்கள். தானாக எழும்பினால் சரி. தொடுதிரை உள்ள பல ஹீற்றர்கள் எழும்பாமல், யாராவது வந்து பொத்தானை அமுக்கட்டும் என்று காத்திருக்கும். அப்படியானதற்கு ஸ்மார்ட் பிளக் வீண். எழும்பினாலும், 2000 வாட் ஹீற்றரை மணிக்கணக்காக மலிவுப் பிளக்கில் ஓடவிட்டு அது உருகிப் பழுப்பானதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

வைஃபை உள்ள ஹீற்றர் வாங்குகிறவர்களுக்கும் ஒரு சொல். ரவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு வைஃபை அலைவரிசை தரும், பல ஹீற்றர்கள் 2.4இல் மட்டும்தான் இணையும். "ரவுட்டர் பழுது" என்று கூப்பிடுகிறவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் கதை. ரவுட்டர் சிலநேரம் உண்மையிலேயே விறைத்து நிற்கும், அதற்குக் கிழமைக்கு ஒரு தரம் அதை நிறுத்திப் போட ஒரு டைமர் வையுங்கள்.

ட்ரொன்ட்ஹைமில் இருந்து: கரண்ட் போனால் எனக்கு எப்படித் தெரியும்?

உள்ளே பற்றரி உள்ள பெட்டி என்றால் "மின்சாரம் இல்லை" என்று ஒரு செய்தி அனுப்பும். ஆனால் புயலில் கோபுரமும் சேர்ந்து விழுந்தால் அந்தச் செய்தியும் வராது. அதனால் தினமும் காலையில் வெப்பநிலையை அனுப்பும்படி அமைத்துவிடுங்கள். ஒருநாள் வராவிட்டால் அதுவே எச்சரிக்கை.

ட்ரம்மன் தம்பி மறுபடி: தூரத்தில் இருந்து போடுவது ஆபத்தில்லையா? தீப்பிடித்தால்?

நல்ல கேள்வி. ஹீற்றர் மேல்விளிம்பில் கோடு போட்டு வெட்டிய ஒரு படம் இருக்கும், மூடாதே என்று. போன முறை வந்த பிள்ளைகள் பனியில் நனைந்த கையுறையை அதில் காயப்போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். நீங்கள் வீட்டில் இருந்தால் மணம் வரும், 200 கிலோமீற்றர் தள்ளி இருந்தால் வராது. நான் புறப்படும்போது ஒவ்வொரு ஹீற்றரையும் போனில் படம் எடுத்து வைக்கிறேன். மூன்று கிழமை கழித்துப் போடுவதற்கு முன் அந்தப் படங்களைத்தான் பார்ப்பேன்.

ஹெம்செடாலில் ஹித்தே உள்ள ஒருவர்: எங்களுடையதில் மின்சாரமே இல்லை, கூரையில் சோலார் மட்டும். ஏதாவது வழி உண்டா?

சோலாரில் ஹீற்றர் ஓடாது, குளிர்காலத்தில் விளக்குக்கே பஞ்சம். டீசல் ஹீற்றரைத் தூரத்தில் இருந்து போடலாம், ஆனால் அதற்கும் பற்றரியில் உயிர் இருக்க வேண்டும். விறகடுப்பைப் பற்றவைக்க ஆப் இன்னும் வரவில்லை. பக்கத்து ஹித்தேக்காரரோடு நல்ல உறவு வைத்துக்கொள்ளுங்கள். என் சிநேகிதர் ஒருவர் தன் பக்கத்து வீட்டுக் கிழவருக்கு ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ஒரு பெட்டி ரோல்ஸ் கொண்டுபோய்க் கொடுப்பார். அவர் போய்ச் சேரும்போது அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.