சித்தம், திட்டம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற ஆகஸ்டில் என் தம்பி பள்ளிகொண்டா அருகே நெடுஞ்சாலையில் பைக் விபத்தில் போய்விட்டான். வயது 23. அன்றிரவு அவன் ஆம்பூரிலேயே நண்பன் அறையில் தங்குவதாக இருந்தான். "அம்மா கோழி அடிச்சிருக்காங்க, வந்துட்டுப் போடா" என்று போன் செய்தது நான். அடக்க ஆராதனையில் எங்கள் போதகர், "தோட்டக்காரர் நல்ல பூவைத்தான் முதலில் பறிப்பார், இது தேவனுடைய திட்டம்" என்றார்.

திட்டம் என்றால் என் போனும் அதில் உண்டா? தேவன் முன்னமே அறிந்திருந்தார் என்றால், நான் போன் செய்யாமல் இருந்திருக்க முடியுமா? முடியாது என்றால் என்மேல் குற்றமில்லை. ஆனால் அப்படிப்பட்ட தேவனிடம் என்னால் ஜெபிக்க முடியவில்லை. முடியும் என்றால் அவனைக் கொன்றது நான். அகஸ்டீன், கால்வின், மோலினா என்று தேவ சித்தத்தைப் பற்றி எழுதிய பழைய இறையியலாளர்களைப் பற்றி ஆறு மாதமாகக் காணொளிகள் பார்க்கிறேன். தூக்கம் போனதுதான் மிச்சம். எல்லாம் முன்குறிக்கப்பட்டதென்றால் ஜெபம் எதற்கு என்று சித்தப்பா வேறு கேட்கிறார்.

ஜெ., காட்பாடி

அன்புள்ள ஜெ.,

கோழிக்குழம்புக்குத் தம்பியைக் கூப்பிட்ட அக்கா கொலைகாரி என்றால், வேலூர் மாவட்டத்தில் ஒரு அக்காவும் வெளியே தலைகாட்ட முடியாது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீதியை எழுதி முடிப்பதற்குள் நான் வேறெங்காவது போய்விடக்கூடும், என் வழக்கம் அப்படி.

சித்தப்பாவை விடுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்கிற யாரும் அதற்காக ஜெபத்தை விட்டதுமில்லை, தொடங்கியதுமில்லை.

காணொளிகளைப் பற்றித்தான் எனக்குக் கோபம். துக்கத்தில் இருக்கிற பெண் ராத்திரி இரண்டு மணிக்கு மோலினாவிடம் போய் என்ன செய்யப் போகிறாள்? அவர் ஸ்பெயின் நாட்டு இயேசு சபைக்காரர், கத்தோலிக்கக் குரு. 1588இல் புத்தகம் போட்டார். எந்தச் சூழலில் எந்த மனிதன் தன் சுயவிருப்பத்தால் எதைச் செய்வான் என்பதும் தேவனுக்குத் தெரியும், அந்த அறிவை வைத்துத்தான் அவர் உலகத்தை நடத்துகிறார் என்பது அவருடைய வாதம். கெட்டிக்காரத்தனமான வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்களுக்கு வேண்டியது 'நான் போன் செய்யாத அந்த ராத்திரி' எப்படிப் போயிருக்கும் என்ற படம். அதை மோலினாவின் தேவன் பார்த்திருக்கலாம். உங்களுக்குப் போட்டுக் காட்டமாட்டார். இன்னொரு கத்தோலிக்கத் துறவற சபையான டொமினிக்கன் சபையாருக்கும் இயேசு சபையாருக்கும் இதில் மூண்ட சண்டை ரோமாபுரி வரை போய், பத்து வருஷம் போல விசாரித்தார்கள். 1607இல் போப் ஐந்தாம் பவுல் இரண்டு பேரையும் கூப்பிட்டு, ஒருவரை ஒருவர் வேதப்புரட்டர் என்று திட்டாதீர்கள், தீர்ப்பைப் பிறகு சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தார். அந்தத் தீர்ப்பு இன்றுவரை வரவில்லை. நம் ஊர் நிலத்தகராறு எவ்வளவோ மேல்.

புராட்டஸ்டண்டுகளும் சளைத்தவர்கள் இல்லை. நெதர்லாந்தில் டார்ட் என்ற ஊரில் 1618, 1619இல் ஆறேழு மாதம் உட்கார்ந்து, இரட்சிக்கப்படுகிறவர்களைத் தேவன் தம் சித்தப்படி மட்டுமே தெரிந்துகொண்டார், மனிதனிடம் முன்கூட்டியே கண்ட விசுவாசத்தைப் பார்த்து அல்ல என்று தீர்மானம் போட்டார்கள். அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? 1853இல் மிஷனரிகளான ஸ்கட்டர் சகோதரர்கள் நம் பக்கம் ஆற்காடு மிஷனை ஆரம்பித்தார்களே, அவர்களுடைய அமெரிக்கச் சபை டச்சு வழி வந்தது. டார்ட் தீர்மானம் அவர்களுடைய விசுவாச அறிக்கைகளில் ஒன்று. அந்தக் கொள்கையை முன்பே மறுத்திருந்த டச்சு இறையியலாளர் ஆர்மீனியஸின் பக்கம் நின்றவர், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஸ்கட்டர் வழிச் சபையும் வெஸ்லி வழிச் சபையும் அதில் ஒன்றாகச் சேர்ந்தன. முன்னூறு வருஷச் சண்டை ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஒரே ஞானப்பாட்டைப் பாடுகிறது. எங்கள் ஊர்க் கோயிலில் அந்த வித்தியாசம் தெரிந்தவர் ஒருவரும் இருந்ததில்லை. உபதேசியாரான என் அப்பாவுக்கே தெரியாது. எல்லாரும் தலையெழுத்து என்று சொல்லிக்கொண்டிருந்த வாயால் தேவ சித்தம் என்று சொல்லப் பழகியிருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பழக்கத்தைத்தான் நான் கொஞ்ச நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் சரியாக அங்கே வந்து விழுந்தது. 'தேவனுடைய திட்டம்' என்ற வார்த்தை பொய்யா மெய்யா என்பது அப்புறம். அதைச் சொல்கிற வாய் யாருடையது?

வேதாகமத்தில் யோசேப்பின் கதையை எடுங்கள். அண்ணன்மார் குழியில் தள்ளினார்கள், இருபது வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். பல வருஷம் கழித்து அவன் சொல்கிறான்: "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ... அதை நன்மையாக முடியப்பண்ணினார்." சுயசித்தமும் தேவ பராமரிப்பும் ஒரே வாக்கியத்தில். எல்லாப் பிரசங்கியாரும் இதை மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் இதைச் சொன்னது குழியில் கிடந்தவன். அண்ணன்மார் பஞ்சத்தில் எகிப்துக்கு வந்து மாட்டிக்கொண்டபோது என்ன சொன்னார்கள்? தம்பி கெஞ்சியபோது அவன் தவிப்பைப் பார்த்தும் கேட்காமல் போனோமே, அதனால்தான் நமக்கு இது நேரிட்டது என்றார்கள். தேவன் பெயரை இழுத்துத் தப்பிக்கவில்லை. இரண்டும் மெய். வாயை மட்டும் மாற்றிப் பாருங்கள். "தம்பி, நாங்க வித்ததெல்லாம் தேவ திட்டம்பா" என்று அண்ணன் யூதா யோசேப்பின் தோளில் கை போட்டிருந்தால்? அதே வார்த்தை அயோக்கியத்தனமாகிவிடும். உங்கள் போதகர் யோசேப்பும் இல்லை, அண்ணனும் இல்லை. அந்த வழியாக ஒட்டகத்தில் போன மீதியானிய வியாபாரி. அவருக்கு அங்கே என்ன பேச்சு?

இன்னொன்று, இது நம் ஊர்க் கதை. ஓய்வுநாள் பள்ளியில் எங்கள் டீச்சர் மேசையை மூன்று முறை தட்டித்தான் ஆரம்பிப்பார். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கட்டர், மிஷனரி வேலையே வேண்டாம் என்றிருந்த இளம்பெண், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்திருக்கிறாள். ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டுகிறார்கள். ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து. மூவர் மனைவிக்கும் பிரசவ வலி. ஆண் மருத்துவரான அப்பாவைக் கூட்டிப்போக ஒருவருக்கும் சம்மதமில்லை. இவளுக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். ஐடா அமெரிக்கா போய் 1899இல் டாக்டராகி, 1900இல் திரும்பி வந்தார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்று நீங்கள் பார்க்கிற வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி அப்படி வந்தது. டீச்சர் இங்கே நிறுத்தி, "பாத்தீங்களா பிள்ளைங்களா, தேவனுடைய திட்டம்!" என்பார்.

நானும் தலையாட்டியிருக்கிறேன். பிறகு ஒருநாள் சி.எம்.சி. வெளிநோயாளிக் கூடத்தில் என் மகளின் முறைக்காகக் காத்திருந்தபோது உறைத்தது. அந்த மூன்று பெண்களும் ஆஸ்பத்திரிக்கு அஸ்திவாரக் கல்லாகவா பிறந்தார்கள்? அவர்கள் பெயர்கூட எந்தப் பிரசங்கத்திலும் வராது. ஐடா அம்மையார் 'அந்த ராத்திரி தேவன் என்னைக் கூப்பிட்டார்' என்று சொன்னால் தலைவணங்குவேன். தட்டப்பட்டது அவருடைய கதவு, எழுந்து போனதும் அவர். அந்தப் பெண்களின் சார்பாக 'உங்கள் சாவு திட்டத்தில் இருந்தது' என்று சொல்ல எங்கள் டீச்சருக்கு அதிகாரம் கிடையாது. எனக்கும் கிடையாது. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றிப் பேச்சு வந்தபோது இயேசுவே காரணம் சொல்லவில்லை. அவர்கள் உங்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, நின்றிருந்தவர்கள் பக்கம் பேச்சைத் திருப்பிவிட்டார்.

இவ்வளவு திட்டுகிறவன் யோக்கியனா என்றால், இல்லை. நானும் ஒருமுறை தேவனுக்காகப் பேசியிருக்கிறேன்.

1978 டிசம்பர் 31, வாட்ச்நைட் ஆராதனை. எனக்குப் பன்னிரண்டு வயது. ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். தீப்பெட்டி அகலத்துக்கு அட்டை, ஒரு ரோஜாவோ சூரிய உதயமோ, கீழே ஒரு வசனம். காணிக்கைத் தட்டில் கவிழ்த்துப் போட்டு வரிசையாக எடுக்கச் சொல்வார்கள். வருஷம் முழுக்க அதுதான் தேவன் தனக்குச் சொன்ன வார்த்தை. (வசனம் பிடிக்காவிட்டால் நைசாகத் திருப்பிப் போட்டுவிட்டு வேறொன்றை எடுக்கிறவர்களும் உண்டு. சுயசித்தத்துக்கு அதைவிட நல்ல சாட்சி மோலினாவிடமும் இல்லை.) உபதேசியார் மகன் என்பதால் தட்டைப் பிடிப்பது நான்.

அந்த வருஷம் அத்தை வீட்டு மாமாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, முகமெல்லாம் வீங்கி, தோல் கம்பெனி வேலையை விட்டுப் படுக்கையில் இருந்தார். மதியமே அட்டைக் கட்டைப் பிரித்து ஒன்றைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டேன். சங்கீதம் 118:17. "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்." அத்தை முறை வந்தது. அவள் விரல் தட்டின் நடுவுக்குப் போனது. நான் தட்டை இடப்பக்கம் சாய்த்தேன். எல்லா அட்டையும் சரிந்து போக, வலது கட்டைவிரலுக்கு அடியில் அழுத்தியிருந்த ஒன்று மட்டும் நின்றது. அத்தை அதைத் தொட்டதும் விரலைத் தளர்த்தினேன். அவள் திருப்பிப் படித்தாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் மாமா இறந்துபோனார்.

அதற்குப் பிறகு அத்தை முகத்தை நேராகப் பார்க்க எனக்கு வருஷக்கணக்கானது. தேவன் பெயரால் பொய் வாக்குக் கொடுத்துவிட்டேன், அவள் அதை நம்பி ஏமாந்தாள் என்பதுதான் என் பாரம். அவள் ஷூ கம்பெனியில் தையல் வேலைக்குப் போய் இரண்டு பெண்களைப் படிக்கவைத்தாள். அட்டையை வேதாகமத்திலேயே வைத்திருந்தாள். பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்றிருக்கும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், அவளுக்கு எண்பது தாண்டிய பிறகு, ராணிப்பேட்டையில் அவள் வீட்டுத் திண்ணையில் வைத்துச் சொன்னேன். அத்தை முறத்தில் புளியைப் போட்டுக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, அந்த அட்டைய நான்தான் வெச்சேன்."

"எந்த அட்டை?"

சொன்னேன். தட்டைச் சாய்த்தது, கட்டைவிரல், எல்லாம். அவள் கை நிற்கவில்லை.

"அதான் தட்டு ஆடுச்சா? புள்ள தூக்கத்துல சாயுறான்னு நெனச்சேன்."

"மாமாவுக்காக வெச்சேன் அத்தே. மாமா பொழைச்சுக்குவாருன்னு நீ நம்பினியே..."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமாவுக்கா? இன்னாடா சொல்ற. அதுல 'நான்'னுதானே எழுதியிருந்துச்சு? எடுத்தது நானு. மாமா எப்பிடிடா நானாவாரு?"

பிறகு புளியங்கொட்டையைக் கையில் அள்ளிக் கொடுத்து, வெளியே போட்டுவிட்டு வரச்சொன்னாள்.