முதலில் கிரைண்டர், அப்புறம் மெஷின்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வீட்டில் நாங்கள் இரண்டு பேர். எனக்குப் பால் கலக்காத எஸ்பிரெஸ்ஸோ, மனைவிக்கு லாட்டே. காலையில் இதற்கென்று இருபது நிமிடத்துக்கு மேல் ஒதுக்க முடியாது. 15 பார், 20 பார் என்று எழுதிய மெஷின்களைப் பார்த்துக் குழம்பிப் போயிருக்கிறேன். கிரைண்டர் சேர்ந்தே வரும் மெஷின் நல்லதா, இல்லை அரைத்த பொடியே போதுமா? இரட்டை பாய்லர் இருந்தால்தான் உருப்படியாக வரும் என்கிறார் நண்பர். எதை வாங்குவது?"

மெஷினை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டு கிரைண்டரில் இருந்து தொடங்குங்கள். நீங்கள் ஒதுக்கியிருக்கும் பணம் எவ்வளவாக இருந்தாலும் அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு கிரைண்டருக்குப் போக வேண்டும் என்பது என் கணக்கு. அதிகம் என்று தோன்றும். ஆனால் நல்ல கிரைண்டரும் சாதாரண மெஷினும் சேர்ந்தால் நல்ல எஸ்பிரெஸ்ஸோ வரும். எவ்வளவு உயர்ந்த மெஷினாக இருந்தாலும் மோசமான கிரைண்டரோடு சேர்ந்தால் வராது.

ஏன் என்றால், எஸ்பிரெஸ்ஸோவில் அழுத்தம் உருவாவது பம்பில் மட்டும் இல்லை. பம்பு தண்ணீரைத் தள்ளுகிறது. அதை எதிர்த்து நிற்பது பாஸ்கெட் என்ற துளையிட்ட சின்னக் கிண்ணத்துக்குள் அமுக்கி வைத்த காபிப் பொடி. பொடி கொரகொரவென்று இருந்தால் தண்ணீர் பத்து வினாடியில் ஓடிவிடும். கோப்பையில் விழுவது நீர்த்துப்போய்ப் புளிக்கும். பொடி மிக நைஸாக இருந்தால் சொட்டுச் சொட்டாக இறங்கி, நாக்கில் கசப்பு ஒட்டிக்கொள்ளும். நல்லது இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடத்தில் இருக்கிறது. அந்த இடமும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. கொட்டை வறுத்து நாளாக ஆக, அரைப்பைக் கொஞ்சம் நைஸாக்க வேண்டியிருக்கும். வேறு பை பிரித்தால் மறுபடி தேட வேண்டும். வேறு யாரோ, வேறு எந்த மெஷினுக்கோ அரைத்துப் பையில் போட்ட பொடியால் இதற்கு ஈடுகொடுக்க முடியாது. போதாததற்கு, அரைத்த பொடியின் மணமும் வேகமாகப் போய்விடும்.

நான் இதைத் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். என் முதல் மெஷினுக்குக் கையிலிருந்த பணம் முழுவதையும் போட்டுவிட்டு, அரைத்த பொடியை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் ஒரே புளிப்பு. மெஷினில்தான் கோளாறு என்று நினைத்து சர்வீஸுக்கு அனுப்பினேன். ஒரு குறையும் இல்லை என்று திருப்பித் தந்தார்கள். பிறகு நண்பர் ஒருவர் தன் கை கிரைண்டரை ஒரு வாரத்துக்குக் கொடுத்தார். அதே மெஷின், அதே தண்ணீர். இரண்டாம் நாள் காலையில் தேன் போல இறங்கிய கோப்பையை இன்னும் மறக்கவில்லை.

கிரைண்டரில் பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். பிளேடு சுழன்று வெட்டும் வகையாக இருக்கக் கூடாது. இரண்டு பற்சக்கரங்களுக்கு நடுவே அரைக்கும் பர் வகையாக இருக்க வேண்டும். அடுத்து, அரைப்பை மிக நுணுக்கமாக மாற்ற முடிய வேண்டும். எஸ்பிரெஸ்ஸோ வரும் எல்லைக்குள் மூன்றே படிகள்தான் இருக்கிறது என்றால், ஒன்றில் வேகமாக ஓடும், அடுத்ததில் அடைத்துக்கொள்ளும், நடுவில் நிற்க இடமிருக்காது. படியே இல்லாமல் திருகிக்கொண்டே போகும் வகை இன்னும் நல்லது. இரண்டு பேருக்குத் தரமான கை கிரைண்டரே தாராளமாகப் போதும். ஒரு முறைக்கு 18 கிராம் அரைக்க ஒரு நிமிடத்தை ஒட்டித்தான் ஆகும், அதே விலை மின்சார கிரைண்டரைவிடப் பெரும்பாலும் சீராகவும் அரைக்கும். மணிக்கட்டு வலி உள்ளவர்கள் மட்டும் மின்சாரத்துக்குப் போகலாம்.

கிரைண்டர் சேர்ந்த மெஷினைப் பற்றிக் கேட்டீர்கள். இடம் மிச்சம், பார்க்கவும் ஒழுங்காக இருக்கும். ஆனால் ஒன்று பழுதானால் இரண்டும் சர்வீஸுக்குப் போக வேண்டும். இரண்டு வருடம் கழித்து கிரைண்டரை மட்டும் உயர்த்த ஆசை வந்தாலும் உள்ளே இருப்பதைக் கழற்ற முடியாது. சமையல் மேடையில் இடமே இல்லை என்றால் ஒழிய, நான் தனித்தனியாகத்தான் வாங்கச் சொல்வேன்.

சரி, அந்த 15 பார், 20 பார். பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு. இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1901இல் மிலானைச் சேர்ந்த லூயிஜி பெஸ்ஸேரா காப்புரிமை பெற்ற மெஷின் நீராவியின் அழுத்தத்தையே நம்பியிருந்தது. அதில் ஒன்றரை பார் அளவுக்குத்தான் கிடைத்தது. 1940களின் பிற்பகுதியில் அக்கில்லே காஜியா லீவரும் ஸ்பிரிங்கும் வைத்து அழுத்தத்தை எட்டு, ஒன்பது பாருக்கு உயர்த்தினார். கோப்பையின் மேலே அந்தப் பொன்னிற நுரை, கிரெமா, வந்தது அப்போதுதான். 1961இல் ஃபேமா நிறுவனத்தின் இ61 வந்தது. அந்த ஆண்டு நிகழ்ந்த சூரிய கிரகணத்தை வைத்துத்தான் அந்தப் பெயர். மோட்டார் பம்பு 9 பாரில் தண்ணீரைத் தள்ள, கை வலிக்க லீவர் இழுக்கும் வேலை தேவையில்லாமல் போனது. அன்றிலிருந்து 9 பார்தான் அளவுகோல்.

பெட்டியில் போட்டிருக்கும் 15 என்பது வீட்டு மெஷின்களில் இருக்கும் அதிர்வுப் பம்பின் உச்சத் திறன். தண்ணீர் போக வழியே இல்லாமல் அடைத்தால் எட்டும் எண் அது. காபி இறங்கும்போது தேவைப்படுவது அதுவல்ல. நல்ல மெஷின்களில் மிச்ச அழுத்தத்தை வெளியேற்ற ஒரு வால்வு இருக்கும். அதை 9 பாரை ஒட்டி அமைத்திருக்கிறார்களா, இல்லையென்றால் நாமே அமைக்க முடியுமா என்று கேளுங்கள். 20 பார் மெஷின் 15 பார் மெஷினைவிட நல்லது என்று யாராவது சொன்னால் காதில் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

பாஸ்கெட்டையும் கவனியுங்கள். விலை குறைந்த மெஷின்களோடு இரட்டைச் சுவர் பாஸ்கெட் வரும். உள்ளே பல துளை, வெளியே ஒரே ஒரு ஊசித்துளை. அந்தத் துளைதான் அழுத்தத்தை உண்டாக்குகிறது, பொடி அல்ல. அதனால் எந்தப் பொடியைப் போட்டாலும் நுரை வரும், ஆனால் அந்த நுரையில் சுவை இருக்காது. தொடங்கும்போது அது துணையாக இருக்கலாம். ஒற்றைச் சுவர் பாஸ்கெட் கூடவே வருகிறதா, தனியாகக் கிடைக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது பொருந்தாத மெஷினில் நீங்கள் போடும் நல்ல கிரைண்டருக்கு வேலையே இல்லை.

அப்புறம் பாய்லர். உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. காபி இறக்கத் தேவையான சூடு 90 முதல் 96 டிகிரி. பாலை நுரைக்க நீராவி வேண்டும். அதற்கு 120 டிகிரிக்கு மேல் போக வேண்டும். ஒரே பாய்லர் இருந்தால் முதலில் காபி, பிறகு சூடு ஏறக் கொஞ்சம் காத்திருப்பு, பிறகு பால். அடுத்து இன்னொரு காபி வேண்டுமென்றால் பாய்லரை மறுபடி குளிரவைக்க வேண்டும். ஆறு பேருக்கு அடுத்தடுத்து கப்புச்சினோ போடுகிறவருக்கு இது பெரிய தொல்லை. அவருக்குத்தான் இரட்டை பாய்லர், அல்லது ஒரே நீராவி பாய்லருக்குள்ளே காபித் தண்ணீருக்குத் தனிக்குழாய் ஓடும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் மெஷின். உங்கள் வீட்டில் தினமும் ஒரு எஸ்பிரெஸ்ஸோ, ஒரு லாட்டே. இரண்டு காபியையும் முதலில் இறக்கிவிட்டு, கடைசியாக ஒரே ஒரு முறை பால் நுரைத்தால் முடிந்தது. சுவைக்காக இரட்டை பாய்லர் தேவை என்பது உங்கள் கணக்குக்குப் பொருந்தாது.

உங்களுக்கு இருபது நிமிடம்தான் என்பது இதைவிட முக்கியமான தகவல். பெரிய பித்தளை மெஷின்கள் சீக்கிரம் சூடாகாது. தண்ணீர் கொதித்துவிட்டது என்று விளக்கு எரிந்தாலும், காபி இறங்கும் தலைப்பகுதி நாலு கிலோ எடையுள்ள உலோகம். அது முழுதாகச் சூடேற அரை மணி நேரம்கூட ஆகும். காஜியா கிளாசிக், ரான்சிலியோ சில்வியா போன்ற சிறிய ஒற்றை பாய்லர் மெஷின்களுக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் கொடுப்பது நல்லது. மாறாக, தெர்மோபிளாக் வகை தண்ணீர் ஓடும்போதே சூடாக்குகிறது, சில நொடியிலோ ஒரு நிமிடத்திலோ தயார். பிரெவில் பாம்பினோ இந்த வகையில் பலரும் வாங்குவது. சில நாடுகளில் சேஜ் என்ற பெயரில் விற்கிறார்கள். இவற்றில் தண்ணீர் சூடானாலும், பாஸ்கெட்டைத் தாங்கும் கைப்பிடியான போர்ட்டாஃபில்டர் ஜில்லென்றே இருக்கும். பொடி போடாமல் வெறும் தண்ணீரை ஒருமுறை ஓடவிட்டு அதைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

காஜியாவும் சில்வியாவும் 1990களிலிருந்து விற்பனையில் இருப்பவை. உதிரிப் பாகம் கிடைக்கும், வாஷர் தேய்ந்தால் நாமே மாற்றலாம், பல வருடம் உழைக்கும். காபிக் கடைகளில் இருக்கும் அதே 58 மில்லிமீட்டர் போர்ட்டாஃபில்டர் என்பதால் நல்ல பாஸ்கெட், பொடியை அமுக்கும் டேம்பர் எல்லாம் எளிதில் பொருந்தும். பாம்பினோவுக்கு 54 மில்லிமீட்டர். அதற்கும் இப்போது நிறையக் கிடைக்கிறது, ஆனால் உள்ளே பழுதானால் பிரித்துப் பார்ப்பது சிரமம். பழைய வகை ஒற்றை பாய்லரில் இன்னொரு சிக்கல், சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பிஐடி என்ற மின்னணுக் கட்டுப்பாடு இருந்தால் ஓரிரு டிகிரிக்குள் நிற்கும். தேர்வு இருந்தால் அதற்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். வீண் போகாது.

லீவரைக் கையால் அழுத்தும் மெஷின்களும் உண்டு. ஃப்ளேர், ரோபோட் போன்றவற்றுக்கு மின்சாரமே வேண்டாம், சுடுதண்ணீர் போதும். எஸ்பிரெஸ்ஸோ அருமையாக வரும். நீராவி கிடையாது என்பதால் லாட்டே வேண்டிய வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன். பொத்தானை அழுத்தினால் அரைத்து இறக்கிப் பாலும் ஊற்றும் தானியங்கி மெஷின் உங்கள் அவசரத்துக்கு ஒத்துவரும். ஆனால் அரைப்பும் அளவும் உங்கள் கட்டுப்பாட்டில் குறைவாகத்தான் இருக்கும், பால் போகும் குழாயை அன்றாடம் அலசாவிட்டால் நாறும். ஒரு கோப்பைக்கான பொடியை அடைத்து விற்கும் காப்சூலில் ஐந்தாறு கிராம்தான் இருக்கிறது, நாம் பேசும் 18 கிராம் கோப்பையோடு அதை ஒப்பிட முடியாது.

தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை, மெஷின்களை அதிகம் கொல்வது அதுதான். கடினநீரை ஊற்றினால் பாய்லரிலும் வால்விலும் உப்பு படிந்து அடைக்கும். அதற்குப் பயந்து காய்ச்சி வடித்த சுத்த நீரை ஊற்றுவதும் சரியல்ல. காபி சப்பென்று இருக்கும். சில பெரிய மெஷின்களில் பாய்லர் நிரம்பியிருப்பதை அறியும் சென்சார், தாது இல்லாத நீரை உணரவே உணராது. மிதமான கடினத்தன்மை உள்ள வடிகட்டிய நீர் போதும்.

ஆக, உங்களுக்கு என் பதில் இது. எஸ்பிரெஸ்ஸோவுக்கு அரைக்கக்கூடிய நல்ல கை கிரைண்டர் ஒன்று, 0.1 கிராம் வரை காட்டும் சிறிய தராசு ஒன்று, ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டோடு ஒரு தெர்மோபிளாக் மெஷின். காலையில் எழுந்தவுடன் சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போகும் பழக்கம் உண்டென்றால், தெர்மோபிளாக்குக்குப் பதில் பிஐடி உள்ள ஒற்றை பாய்லர். டைமர் பிளக் போட்டு அதைத் தானே ஆன் ஆக வைக்க நினைத்தால், மெஷினில் தட்டிப்போடும் பழைய மாதிரி சுவிட்ச் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தொட்டால் ஆன் ஆகும் மின்னணுப் பொத்தான் என்றால் பெரும்பாலும் டைமர் வேலை செய்யாது. தண்ணீர்த் தொட்டியை மேலிருந்து எடுக்கும் மாதிரி என்றால், மேடைக்கு மேலே உள்ள அலமாரி வரை எவ்வளவு உயரம் இருக்கிறது என்று அளந்துவிட்டு வாங்குங்கள்.

மெஷின் வந்த அன்று, வறுத்த தேதி போட்ட பையாக, ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள் வறுத்ததாகப் பார்த்துப் பிரியுங்கள். 18 கிராம் பொடி, கோப்பையில் 36 கிராம் காபி, 25 முதல் 30 வினாடி. எடையை மாற்றாமல் அரைப்பை மட்டும் மாற்றுங்கள். பதினைந்து வினாடியில் ஓடிவிட்டால் நைஸாக்குங்கள், நாற்பதைத் தாண்டினால் கொஞ்சம் கொரகொரப்பாக்குங்கள். முதல் நாள் நாலைந்து கோப்பை சிங்க்கில்தான் போகும். அதற்காகக் கால் கிலோ கொட்டையைக் கூடுதலாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.