கயாக்கில் தூண்டில்: முதல் நாள் ராடை வீட்டிலேயே வையுங்கள்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். சொந்த ஊர் கோபிப் பக்கம். கீழ்பவானி வாய்க்கால் கரையில் தூண்டில் போட்டே வளர்ந்தவன், நீச்சலும் அங்கேதான் பழகினேன். தை மாதம் பழைய கயாக் ஒன்று வாங்கினேன். பத்தடி நீளம், மேலே உட்கார்ந்து துடுப்புப் போட்டு ஓட்டும் பிளாஸ்டிக் படகு. மாமா மீன் குத்தகைக்கு எடுத்திருக்கும் ஏரியில் மூன்று ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பார்த்தேன். முதல் வாரம், தூண்டிலை வீசினால் படகு சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டாம் வாரம், ஒன்பதரை மணிக்கு மேல் காற்று தள்ளிக்கொண்டு போய் எதிர்க்கரைச் சீமைக்கருவேல முள்ளில் ஒதுக்கிவிட்டது. படகை இழுத்துக்கொண்டு கரையோடு நடந்தே திரும்பினேன். மூன்றாம் வாரம் பக்கவாட்டில் நங்கூரம் கட்டினேன். தண்ணீர் உள்ளே ஏறிப் பயந்துபோனேன். அன்றைக்கு மாட்டிய ஒரே மீனும் ராடை, அதாவது தூண்டில் கம்பை, பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. என் எடை 84 கிலோ. என்ன தப்பு செய்கிறேன்? மீன் காட்டும் கருவி வாங்கினால் உதவுமா? பழகின பிறகு பவானிசாகருக்குக் கொண்டு போகலாமா?

பதில்: ராடு போனதைக் கூட எழுதியிருக்கிறீர்கள், லைஃப் ஜாக்கெட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வாய்க்காலில் நீச்சல் பழகியவர்களுக்கு ஒரு தைரியம் இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் உங்களைத் தூக்கிக்கொண்டு போகும், நாலு கை போட்டால் கரை வந்துவிடும். ஏரி நடுவில் சட்டை, பேண்ட், செருப்போடு எதிர்பாராமல் விழுவது வேறு கதை. கீழே முள் இருக்கலாம், யாரோ விரித்த வலை இருக்கலாம். நுரை அடைத்த ஜாக்கெட்டாக, உங்கள் எடைக்கும் மார்பு அளவுக்கும் பொருந்துவதாக வாங்குங்கள். போட்டுப் பட்டைகளை இறுக்கிய பின் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து யாரையாவது மேலே தூக்கச் சொல்லுங்கள். அது காதுவரை ஏறி வந்தால் அளவு பெரிது. படகில் சும்மா கிடக்கும் ஜாக்கெட் ஜாக்கெட் இல்லை, மூட்டை.

இனி உங்கள் மூன்று வாரக் கதைக்கு வருகிறேன். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம். கரையில் உட்காரும்போது நீங்கள் தூண்டில்காரர் மட்டும்தான், மண் அசையாது. கயாக்கில் நீங்கள் முதலில் படகோட்டி, அப்புறம்தான் தூண்டில்காரர். வீசினாலும், சுற்றினாலும், தண்ணி பாட்டிலை எடுக்கத் திரும்பினாலும் கூடவே படகும் ஏதோ ஒன்று செய்கிறது. மேட்டூர்ப் பக்கம் பரிசல்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். வட்டமான பரிசல் சுற்றுமே தவிர லேசில் சாயாது. கயாக் நேராக ஓடுவதற்கென்று ஒடுக்கமாகச் செய்தது, அதனால் பக்கவாட்டில் ஆடும். அந்த ஆட்டம் உங்கள் இடுப்புக்குப் பழகும்வரை கண் மீன்மேல் போகாது.

அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராடை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். துடுப்பும் ஜாக்கெட்டும் கூடவே ஒரு ஆளும் போதும். மார்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே கவிழுங்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் இதைச் செய்யாத ஆளோடு நான் ஆழத்துக்குப் போவதில்லை. கவிழ்ந்ததும் முதல் வேலை படகைப் பிடிப்பது; காற்றில் காலிப் படகு நீந்தும் ஆளைவிட வேகமாக ஓடும். அடுத்து, கவிழ்ந்து கிடக்கும் படகின் குறுக்கே கையை நீட்டி அந்தப் பக்கத்து விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்தால் அது நிமிரும். அப்புறம் நடுவில், உட்காரும் இடத்துக்கு நேராக இரண்டு கையையும் வைத்து, கால்களைத் தண்ணீரின் மேல்மட்டத்துக்குக் கொண்டுவந்து தவளை மாதிரி உதைத்து, வயிறு படகின் குறுக்கே படுக்கும்படி ஏறுங்கள். கால் கீழே தொங்கிக்கொண்டிருந்தால் எத்தனை பலசாலியாலும் ஏற முடியாது. புதியவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். வயிறு ஏறியதும் புரண்டு பின்பக்கத்தை இருக்கையில் வைத்து, கடைசியாகக் கால்களை உள்ளே இழுங்கள். ஐந்தாறு தடவை செய்தால் கவிழ்ந்துவிடுமோ என்ற பயம் போய்விடும். பயம் போனால் உடம்பு விறைக்காது, உடம்பு விறைக்காவிட்டால் படகும் அவ்வளவு ஆடாது.

நான் முதல் தடவை கவிழ்ந்தது மீனால் அல்ல, தூக்குப்போசியால். பின்னால் வைத்திருந்த பழையசோற்றை எடுக்க உடம்பை முறுக்கித் திரும்பினேன். தலை படகு விளிம்பைத் தாண்டியது, அவ்வளவுதான். சோறு மீனுக்குப் போனது. அன்றிலிருந்து ஒரே கணக்கு: தொப்பி எப்போதும் மடிக்கு நேர் மேலே இருக்க வேண்டும். கை எங்கே வேண்டுமானாலும் போகட்டும், தலை விளிம்பைத் தாண்டக் கூடாது. அடிக்கடி தேவைப்படுவது எல்லாம் காலுக்கு நடுவில் இருக்கட்டும்.

எடைக் கணக்கையும் பாருங்கள். படகில் 130 கிலோ தாங்கும் என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அது மூழ்காமல் தாங்கும் எடை, நிம்மதியாக மீன் பிடிக்கும் எடை அல்ல. அதில் 70 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது, அதாவது 91 கிலோ. நீங்கள் 84. ராடு இரண்டு, பெட்டி, நங்கூரம், தண்ணீர், சாப்பாடு என்று 12 கிலோ ஏறினால் 96 ஆகிவிடும். தரையில் உள்ள வடிகால் ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் மேலே வருவதற்கு இந்தக் கூடுதல் எடையே போதும். கொஞ்சம் வருவது இயல்புதான், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பழைய படகு என்பதால் இன்னொன்று: கரையேறியதும் ஒரு முனையைத் தூக்கிக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் சலசலத்தால் வெடிப்பு இருக்கிறது, அல்லது படகின் உட்கூட்டுத் தண்ணீரை வடிக்கும் திருகு மூடியை மூட மறந்திருக்கிறீர்கள்.

இப்போது காற்று. கொங்கு நாட்டில் கயாக் ஓட்டுபவருக்கு மீனைவிட முக்கியமான பாடம் இது. பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. அதன் வழியே மேற்குக் காற்று நேராக நம்மேல் வந்து விழுகிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணிவரை அந்தப் பக்கத்து ஏரிகளில் கயாக்கை எடுக்காமல் இருந்தாலே நல்லது. மற்ற மாதங்களிலும் வெயில் ஏற ஏறக் காற்று எழுந்துவிடும். ஒன்பதரை மணிக்கு உங்களுக்கு நடந்தது அதுதான். ஒரு பரிசல்காரப் பெரியவர் என்னிடம் சொன்னது: “காத்து எந்திரிக்கறதுக்குள்ள கரைக்கு வந்துருங்க சாமி, வந்து டீ குடிச்சுட்டே பாருங்க.” விடியும்போது இறங்கி எட்டரைக்குள் ஏறிவிடுங்கள்.

வண்டியை மேற்குக் கரையில் நிறுத்தி அங்கேயே இறங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே தண்ணீர் அசையாமல் இருக்கும். காற்று உங்கள் முதுகைத் தள்ளும், போவது சுகமாக இருக்கும். திரும்பும்போதுதான் தெரியும். மேற்குக் காற்று நாளில் கிழக்குக் கரையில் இறங்குங்கள். உடம்பில் தெம்பு இருக்கும்போதே காற்றை எதிர்த்து மேற்கே துடுப்புப் போட்டுப் போய், அங்கிருந்து மிதந்தபடியே தூண்டில் போட்டுக்கொண்டு வண்டிப் பக்கம் வந்து சேருங்கள். கார்த்திகை, மார்கழியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும், அப்போது கணக்கு மாறும். சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் கோடை இடி கட்டிக்கொண்டு வந்தால் யோசிக்கவே வேண்டாம். பரந்த தண்ணீரில் உயரமான பொருள் நீங்களும் உங்கள் ராடும்தான்.

படகு சுற்றுவதற்கும் பாதிக் காரணம் காற்று. மீதி நீங்கள். உட்கார்ந்த இடத்தில் இருந்து வலப்பக்கமாக ஓங்கி வீசினால் முனை இடப்பக்கம் திரும்பும். கரையில் வீசும் தூரம் இங்கே தேவையில்லை, படகே உங்களை மீனிடம் கொண்டு போகிறது. மணிக்கட்டால் மட்டும், படகு முனை இருக்கும் திசையிலேயே வீசுங்கள். காற்றில் படகு ஓடினால், ஒரு பழைய பெயின்ட் வாளியில் கயிறு கட்டிப் பின்முனையில் தொங்கவிடுங்கள். தண்ணீரை அள்ளிக்கொண்டு அது பின்னால் இழுக்கும், வேகம் நன்றாகக் குறையும். தூண்டில் முள் எங்காவது சிக்கினால் இருந்த இடத்தில் இருந்து இழுக்காதீர்கள், படகுதான் முள்ளை நோக்கிப் போகும். சிக்கின இடத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய் இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

நங்கூரத்தைப் பக்கவாட்டில் கட்டியது உங்கள் மூன்று தவறுகளில் ஆபத்தானது. கயிறு ஒரு பக்கத்தைக் கீழே இழுக்கிறது, காற்றும் அலையும் அதே பக்கத்தில் வந்து மோதுகின்றன, விளிம்பு தாழ்கிறது, தண்ணீர் ஏறுகிறது. படகு எப்போதும் முன்முனையிலோ பின்முனையிலோதான் கட்டுப்பட்டிருக்க வேண்டும். ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம் போதும். ஆழம் பத்தடி என்றால் கயிறு முப்பது, நாற்பது அடி விடுங்கள். செங்குத்தாக நிற்கும் கயிற்றில் நங்கூரம் பிடிக்காது, துள்ளும்.

நம் ஏரிகளில் தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரத்தில் நங்கூரம் சிக்குவது நிச்சயம். அதற்கு ஒரு வழி உண்டு. கயிற்றை மேல்வளையத்தில் முடிச்சுப் போடாமல் நங்கூரத்தின் அடிப்பாகத்தில் முடியுங்கள். அப்படியே தண்டோடு மேலே கொண்டுவந்து மேல்வளையத்தில் மெல்லிய சணல் நூலால் கட்டிவிடுங்கள். சிக்கினால் நேர் மேலே போய் வெடுக்கென்று இழுங்கள். சணல் அறுந்து இழுப்பு அடிப்பக்கத்துக்கு மாறும், நங்கூரம் தலைகீழாக வெளியே வரும். கயிற்றின் மறுநுனியில் மூடிய காலி எண்ணெய்க் கேன் ஒன்றைக் கட்டிவையுங்கள். அவசரமென்றால் எல்லாவற்றையும் கழற்றி விட்டுவிட்டுப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். இடுப்பில் ஒரு கத்தியும் இருக்கட்டும். நாலைந்து அடித் தண்ணீரில் இந்த வம்பெல்லாம் வேண்டாம், மூங்கில் கழியைச் சேற்றில் ஊன்றிப் பின்முனையைக் கட்டினால் போதும்.

சரி, மீன். கரையில் ரீலின் டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பு வெளியே ஓடாமல் தடுக்கும் பிடியை, இறுக்கி வைத்துப் பழகியிருப்பீர்கள். இங்கே தளர்த்துங்கள். பெரிய கட்லா இழுத்தால் படகும் பின்னாலேயே போகும். அந்த இழுப்பே மீனைக் களைப்பாக்கிவிடும், விட்டுப் பிடியுங்கள். மீன் முன்னால் இருக்கும்வரை பயமில்லை. பக்கவாட்டில் இழுக்கும்போதும், படகுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போகும்போதும்தான் தடுமாற்றம். ராடு நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி முன்முனையைச் சுற்றி அந்தப் பக்கம் கொண்டு போங்கள். அதற்காகத்தான் ராடு ஏழடி இருக்க வேண்டும் என்பது. கடைசியில் ராடு நீளத்துக்குத் தூண்டில் நரம்பை வெளியே விட்டு, ராடைப் பின்னால் உயர்த்தி, மறு கையால் கைவலையில் வாங்குங்கள். நரம்பைக் கையில் சுற்றி இழுக்காதீர்கள். கெளுத்தி வந்தால் கொறடு இல்லாமல் தொட வேண்டாம். முதுகு முள்ளும் இரண்டு பக்க முள்ளும் காலுக்கு நடுவில் துள்ளினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. குத்திவிட்டால் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வைத்தால் கடுப்பு குறையும். முள் உள்ளே ஒடிந்திருந்தால் டாக்டரிடம் போங்கள்.

ராடுக்கும் துடுப்புக்கும் இரண்டு முழக் கயிறு கட்டி படகோடு பிணைத்துவிடுங்கள். போன ராடுக்கு இது தாமதமான யோசனைதான்.

மீன் காட்டும் கருவி இப்போது வேண்டாம். மாமாவிடம் கேளுங்கள், பழைய ஓடை எங்கே ஓடியது, மண் எடுத்த குழி எங்கே என்று அவருக்குத் தெரியும். அந்தப் பணத்தை ஜாக்கெட்டில் போடுங்கள். வலை விரித்திருக்கும் மிதவைகளைத் தள்ளி நின்றே கடந்து போங்கள். கைவிட்ட கல்குவாரித் தண்ணீர் அமைதியாகத் தெரியும், அங்கே இறக்காதீர்கள். சுவர் செங்குத்து, கவிழ்ந்தால் கால் ஊன்ற இடம் இருக்காது.

பவானிசாகர் பற்றி: பழகினாலும் நினைத்தபோது கொண்டு போகும் இடம் அல்ல. அணை நீர்வளத்துறையின் கையில் இருக்கிறது, மீன் பிடிக்கும் உரிமை தனி, ஒரு பக்கம் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். யானை தண்ணீருக்கு இறங்கும் கரை அது, முதலையும் உண்டு. நீர்மட்டம் இறங்கும் காலத்தில், அணைக்குள் மூழ்கிக் கிடக்கும் டணாய்க்கன் கோட்டையே வெளியே தெரிகிறதென்றால், தெரியாமல் அடியில் நிற்கும் கல் எத்தனை என்று யோசியுங்கள். எழுத்தில் அனுமதி கிடைக்காமல் படகை அந்தப் பக்கம் ஏற்ற வேண்டாம். அமராவதியிலும் முதலைகள் இருக்கின்றன, அதையும் விட்டுவிடுங்கள். பவானி கூடுதுறை மாதிரி ஓடும் ஆற்றில் நங்கூரம் போடுவது இன்னும் பல வருடத்துக்கு உங்களுக்கு வேண்டாத வேலை.

மாமா ஏரியே போதும். மதகு திறந்திருக்கும் நாளில் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள். மேலே தண்ணீர் சும்மா நிற்பது போலத்தான் தெரியும். ஒரு காய்ந்த இலையைப் போட்டுப் பாருங்கள், எங்கே போகிறதென்று.