ரோபோ ஏன் பம்பரமாகச் சுற்றுகிறது?

கேள்வி: பேரன் பள்ளி விடுமுறையில் இரண்டு சக்கர ரோபோ ஒன்று செய்தான். முழுதாகச் சுற்றும் வகை செர்வோ மோட்டார் இரண்டு. இரண்டுக்கும் 1700 என்று ஒரே எண்ணைத்தான் கொடுக்கிறான், வண்டியோ முன்னே போகாமல் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. ஒன்றில் சிவப்பு, பழுப்பு ஒயரை மாற்றிப் போட்டால் சரியாகுமா?
- ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: ஐயா, முதலில் அந்த ஒயரிலிருந்து கையை எடுக்கச் சொல்லுங்கள்! சாதாரண டிசி மோட்டாருக்குத்தான் அந்த வித்தை பலிக்கும். செர்வோவுக்குள் சின்ன சர்க்யூட் ஒன்று இருக்கிறது, மின்சாரத்தை மாற்றிக் கொடுத்தால் கருகிவிடும். (நானும் ஒன்றைக் கருக்கியவன்தான், அந்த நாற்றம் லேசில் போகாது.)

மோட்டாரில் பழுது இல்லை. இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன, அதனால் இரண்டும் ஒரே மாதிரி சுழன்றாலும் ஒரு சக்கரம் முன்னே உருளும், மற்றது பின்னே. திசையைச் சொல்வது ஆரஞ்சு ஒயரில் சுமார் 20 மில்லி வினாடிக்கு ஒருமுறை வரும் மின் துடிப்பின் நீளம் (பேரன் கொடுக்கும் எண் இதுதான்): 1500 மைக்ரோ வினாடி என்றால் நிற்கும், கூடினால் ஒரு பக்கம், குறைந்தால் மறுபக்கம். ஆகவே இடதுக்கு 1700, வலதுக்கு 1300 கொடுக்கட்டும். வண்டி பின்னால் போகிறதா, எண்களை இடம் மாற்றினால் போதும்.

அப்புறம், 1500 கொடுத்தும் சக்கரம் மெல்ல நகர்ந்தால், மோட்டார் பெட்டியில் சிறு துளை இருக்கிறதா பாருங்கள். உள்ளே தெரியும் திருகை மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை திருப்ப, நின்றுவிடும்.