ஜெய்சல்மேரைத் திருவிழா நாட்களில் பார்ப்பது நல்லதா?

ராஜஸ்தானின் பாலைவன நகரமான ஜெய்சல்மேருக்கு மரு மகோத்சவம் என்னும் பாலைவனத் திருவிழாவின்போது போவதா, கூட்டமில்லாத வேறொரு வாரத்தில் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். திருவிழாவோடு சேர்த்தே போங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் விழா தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே ஊருக்குள் போய்விடுங்கள். விழாவுக்கென்று மட்டும் வந்து இறங்குபவர்கள் மைதானத்துக்கும் விடுதிக்குமாக அலைந்துவிட்டு, 1156-ஆம் ஆண்டில் ராவல் ஜெய்சல் என்னும் மன்னர் நிறுவிய ஒரு பழைய நகரத்தைச் சரியாகப் பார்க்காமலேயே ரயிலேறி விடுகிறார்கள்.

முதலில் தேதி. வட இந்தியப் பஞ்சாங்கத்தின் மாக மாதப் பௌர்ணமியில் முடியும்படி, பெரும்பாலும் மூன்று நாட்கள் இவ்விழா நடைபெறுகிறது. ஆகவே சில ஆண்டுகளில் நமது தைப்பூசத்தை ஒட்டியும், சில ஆண்டுகளில் மாசி மகத்தை ஒட்டியும் அது வரும். 2024-இல் மாசி மகத்தன்று, பிப்ரவரி 24-ஆம் தேதி நிறைவடைந்தது. 2025-இலோ தைப்பூசத்துக்கு மறுநாள், பிப்ரவரி 12-ஆம் தேதி முடிந்தது. அந்தப் பருவத்தில் பகல் வெயில் தாங்கக்கூடியதாகவே இருக்கும். இரவுக் குளிரை மட்டும் குறைத்து மதிப்பிட வேண்டாம். கம்பளிச் சட்டையும் காதை மூடத் துணியும் கட்டாயம் தேவை.

விழாவுக்கு முந்தைய இரண்டு நாட்களின் காலைப் பொழுதுகளையும் கோட்டைக்கே கொடுங்கள். திரிகூட மலை என்றழைக்கப்படும் ஒரு குன்றின்மேல், 99 கொத்தளங்களோடு, பெரும்பாலும் சுண்ணச்சாந்து இல்லாமல் கல்லோடு கல் பொருத்தி எழுப்பப்பட்ட அந்த மஞ்சள் மணற்கல் கோட்டை, ராஜஸ்தானின் மற்ற ஐந்து மலைக்கோட்டைகளோடு சேர்த்து 2013-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மதிலின் விளிம்பில் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும் உருண்டைக் கற்கள் அலங்காரத்துக்காக வைத்தவை அல்ல. ஏறி வரும் எதிரியின்மேல் உருட்டிவிடுவதற்காக வைக்கப்பட்டவை. உள்ளே இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. சந்துகளில் நடக்கும்போது வீட்டு வாசலை ஒட்டிய சுவரில் பிள்ளையார் படமும், அதன்கீழ் மணமக்கள் பெயரும் திருமண நாளும் வண்ணத்தில் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். அந்த வீட்டில் நடந்த கல்யாணத்துக்கு அதுவே ஊரறிந்த அழைப்பிதழ். வெயிலில் மங்கிப்போன பழைய பிள்ளையாரையும், பளிச்சென்று இருக்கும் புதிய பிள்ளையாரையும் ஒரே தெருவில் பார்த்தபடி நடப்பதே எனக்கு அருங்காட்சியகத்தைவிடச் சுவையாக இருந்தது.

கோட்டைக்குள்ளேயே தங்கும் விடுதிகள் நிறைய உண்டு; சன்னலைத் திறந்தால் பாலைவனம் தெரியும் என்று ஆசை காட்டுவார்கள். நான் அங்கே தங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழையே பெய்யும் இடத்தில், குடத்தில் சுமந்து வந்த நீரை அளந்து செலவிட்ட மக்களுக்காகக் கட்டப்பட்ட கோட்டை அது. குழாய்த் தண்ணீர் வந்தபின் குளியலறைகளிலிருந்து கசியும் நீர் குன்றின் மண்ணை இளக்கி, மதிலின் சில பகுதிகளைச் சரியச் செய்திருக்கிறது. கோட்டைக்கு வெளியே, மதில் தெரியும்படியான மாடி அறை ஒன்றை எடுத்துக்கொண்டால் காட்சிக்கும் குறைவிருக்காது.

கோட்டைக்குள் இருக்கும் சமணக் கோயில்களைக் காலையில் முதல் வேலையாகப் பார்த்துவிடுங்கள். வெளியாரைப் பொதுவாக முற்பகலில்தான் அனுமதிக்கிறார்கள், தோல் பொருள்களை வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும். சம்பவநாதர் கோயிலை ஒட்டிய ஞான பண்டாரம் என்னும் பழைய நூலகத்தில் பனையோலைச் சுவடிகள் காக்கப்படுகின்றன. மணல் சூழ்ந்த ஊரில் ஓலைச்சுவடியைக் காணும்போது நம்மவர்களுக்குச் சற்று வியப்பாகவே இருக்கும். கீழே நகரத்துக்குள் பட்வா வணிகர்களின் ஐந்து மாளிகைகளுக்குத்தான் கூட்டம் அலைமோதும். எனக்குப் பிடித்தது நத்மல் ஹவேலி என்னும் மாளிகை. அதன் முகப்பை இரு சகோதரச் சிற்பிகள் ஆளுக்கொரு பாதியாகச் செதுக்கியதாகச் சொல்வார்கள். தூரத்திலிருந்து இரு பாதிகளும் ஒன்றுபோலவே தோன்றும், அருகே போய்ச் சன்னல் சன்னலாக ஒப்பிட்டால் ஒவ்வொன்றிலும் வேறுபாடு தெரியும். மாலையில் கடிசர் ஏரிக்குப் போகலாம். நீண்ட காலம் ஊருக்கே குடிநீர் கொடுத்த நீர்நிலை அது. அதன் வாயிலைத் திலோன் என்ற கணிகை கட்டினாள் என்றும், அரச குடும்பத்தினர் அதை இடித்துவிடாதபடி மேலே ஒரு கோயிலையும் எழுப்பிவிட்டாள் என்றும் ஊரில் கதை உண்டு. உண்மையோ பொய்யோ, கெட்டிக்காரத்தனமான கதை.

இனி விழா. பழைய வழக்கப்படி கடிசர் ஏரியிலிருந்து ஊர்வலம் புறப்பட்டுப் பூனம் சிங் விளையாட்டரங்கை அடையும். அங்கே தலைப்பாகை கட்டும் போட்டி, மீசைப் போட்டி, 'மரு ஸ்ரீ' என்ற ஆணழகர் தேர்வு ஆகியவை நடக்கும். அடுத்த நாள் தேதான்சர் மைதானத்தில் ஒட்டகங்களுக்கான நாள். எல்லைப் பாதுகாப்புப் படையின் ஒட்டகப் பிரிவு நடத்தும் சாகசக் காட்சியும் ஒட்டகப் போலோவும் அங்கேதான். மூன்றாம் நாள் விழா முழுவதும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சம் மணற்குன்றுகளுக்குப் போய்விடும். நிரல் ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறுவதால், ராஜஸ்தான் சுற்றுலாத் துறையின் அறிவிப்பைப் பார்த்தபின் பயணச்சீட்டை எடுங்கள்.

என்னைக் கேட்டால் மீசைப் போட்டியைத் தவறவிட்டாலும் பாதகமில்லை, மாங்கணியார் இசையைத் தவறவிடக் கூடாது. இவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் முஸ்லிம் இசைக் குடும்பத்தினர். இவர்களை ஆதரித்து வந்த ராஜபுத்திர வீடுகளில் பிள்ளைப்பேற்றுக்கும் திருமணத்துக்கும் பாடுவது இவர்களின் உரிமை, கண்ணனைப் பற்றிய பாடல்களும் அதில் அடங்கும். வில்லால் இழைத்து வாசிக்கும் கமாயிச்சா என்னும் நரம்புக் கருவியின் வட்டக் குடத்தின்மேல் ஆட்டுத்தோல் போர்த்தியிருப்பார்கள். அதனால் அதன் குரல் வயலினைவிடக் கனத்து, சற்றே கரகரத்து ஒலிக்கும். கர்த்தால் என்னும் தாளக் கருவியை வாசிப்பவரின் கைகளைக் கவனியுங்கள். ஒவ்வொரு கையிலும் இரண்டு மரப்பட்டைகள். ஒன்று கட்டைவிரலின் பிடியில், மற்றொன்று எதிரே விரல்களோடு. விரல்கள் மூடித் திறப்பதே கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் தாளம் போகும்போது, பாடகரே பாட்டை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. பெருமேடையின் ஒலிபெருக்கி இந்த நுணுக்கங்களை விழுங்கிவிடுகிறது. பகலில் கோட்டை வாயிலருகே அமர்ந்து வாசிப்பவர்களிடம் நின்று கேட்டு, தாராளமாகப் பணம் கொடுத்துவிட்டு வருவதே மேல். 2010-இல் யுனெஸ்கோவின் கலை மரபுப் பட்டியலில் சேர்ந்த, பாம்பாட்டிச் சமூகத்தாரின் கால்பேலியா நடனத்துக்கு மட்டும் மேடைதான் ஏற்ற இடம்.

சம் மணற்குன்றின் பௌர்ணமி இரவைப் பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். வாகன நெரிசல், கூடாரத்துக்குக் கூடாரம் திரைப்படப் பாட்டு, நிலவைவிடப் பிரகாசமான விளக்குகள் என்றுதான் இருக்கும். அமைதியான மணல் வேண்டுமென்றால், ஜெய்சல்மேருக்குத் தென்மேற்கே ஏறக்குறைய அதே தொலைவிலுள்ள குரி கிராமத்துக்குப் போய் ஓர் இரவு தங்குங்கள். பாலிவால் அந்தணர்கள் கைவிட்டுப் போன குல்தரா என்னும் கிராமம் சம் போகும் வழியிலேயே வருகிறது. பேய்க்கதைகளை ஒதுக்கிவிட்டு அதன் தெருக்களின் நேர்த்தியைப் பார்த்தால் போதும்.

சாப்பாட்டில் கேர்-சாங்ரி என்னும் உள்ளூர்க் கறியைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். சாங்ரி என்பது, நம் ஊர்ச் சிவன் கோயில்கள் சிலவற்றில் தலமரமாக நிற்கும் வன்னி மரத்தின் காய்தான். மழை பொய்த்த ஆண்டுகளில் இந்த மக்களைக் காத்தது அது.

பிப்ரவரியில் விடுப்பு கிடைக்காவிட்டால், ஹோலிக்குப் பின் வரும், பெண்கள் கௌரியை வழிபடும் கங்கோர் விழாவையும் எண்ணிப் பார்க்கலாம். ஆகஸ்ட் - செப்டம்பரில் பொக்ரானை அடுத்த ராம்தேவ்ராவில் நடக்கும் திருவிழா, இந்துக்களும் முஸ்லிம்களும் கால்நடையாகவே திரளும் பக்தர் கூட்டம். வெயிலும் நெரிசலும் மிகுதி என்பதால் குழந்தைகளோடு போகப் பரிந்துரைக்க மாட்டேன்.

தமிழ்நாட்டிலிருந்து ஜெய்சல்மேருக்கு நேரடி ரயில் கிடையாது. மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரை ஒட்டிய பகத் கி கோட்டி வரை ஒரு விரைவு ரயில் ஓடுகிறது; அங்கிருந்து ஜெய்சல்மேர் இன்னும் ஐந்தாறு மணி நேரப் பயணம். குளிர்காலத்தில் விமானமும் உண்டு. எப்படிப் போனாலும் விழா வாரத்தில் அறை வாடகை பல மடங்கு ஏறிவிடும் என்பதால், தேதி அறிவிக்கப்பட்டவுடனேயே அறையைப் பதிவு செய்துவிடுங்கள். ஒட்டகச் சவாரிக்கும் வாடகை வண்டிக்கும் கட்டணத்தை ஏறுமுன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.