ஆட்சேபணை மனுவில் கையெழுத்திடுவதா?

கேள்வி: வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்று, தேவகோட்டைப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில், ஐயா கட்டிய வீட்டில் குடியிருக்கிறேன். ஊர்க்கோடியில் சில கிறித்தவக் குடும்பங்கள் பல ஆண்டுகளாகத் தகரக் கொட்டகையில் ஞாயிறு ஜெபம் நடத்தி வருகிறார்கள். இப்போது தங்கள் இடத்தில் சிறிய ஆலயம் கட்ட மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி கேட்டிருக்கிறார்கள். அதை எதிர்த்து ஊரில் மனு ஒன்று சுற்றி வருகிறது. கோவில் காரியக்காரராக இருக்கும் என் பங்காளியே அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்கிறார். மறுத்தால் கோவில் காரியங்களில் என்னை ஒதுக்கிவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். மனுவின் நகலை இணைத்துள்ளேன். நான் என்ன செய்யட்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம். கையெழுத்திட வேண்டாம். ஆனால் மறுப்பதோடு உங்கள் வேலை முடிந்துவிடவில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய நகலைப் பொறுமையாகப் படித்தேன். முதல் பத்தி ஊரின் பழமையைச் சொல்கிறது. அதில் யாருக்கும் சண்டை இல்லை. இரண்டாம் பத்தி, தேவகோட்டையில்தான் ஆலயங்கள் இருக்கின்றனவே, அங்கே போய்க் கும்பிடட்டும் என்கிறது. இந்த நியாயத்தை நம் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கடைப்பிடித்திருந்தால், இளையாற்றங்குடி முதலான ஒன்பது கோவில்களோடு நின்றிருப்பார்கள். ஊருக்கு ஊர் நகரச் சிவன் கோவில் எழுந்திருக்காது. வயதான ஒருவர் நடந்து போகும் தூரத்தில் சாமி இருக்க வேண்டும் என்ற ஆசை எல்லா மதத்தாருக்கும் பொதுவானதுதான்.

மூன்றாம் பத்தியில்தான் மனுவின் உயிர் இருக்கிறது. "ஆலயம் கட்ட அனுமதித்தால் ஊரில் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை ஏற்படும்" என்ற அந்த ஒற்றை வரி, சட்டம் தெரிந்த ஒருவரைக் கலந்து எழுதப்பட்டதாகத் தெரிகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் உறுப்பு ஒவ்வொருவருக்கும் தம் மதத்தைக் கடைப்பிடிக்கும் உரிமையையும், 26ஆம் உறுப்பு சமயப் பிரிவுகளுக்கு வழிபாட்டு நிறுவனங்களை ஏற்படுத்தி நடத்தும் உரிமையையும் தருகின்றன. ஆனால் இரண்டுமே பொது அமைதி, ஒழுக்கநெறி, பொதுச் சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டவை. அதையொட்டி, 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் கட்டட விதிகள், பொது வழிபாட்டுக்கான கட்டடத்துக்கு ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்றும், பொது அமைதிக்குக் கேடு வரும் என்று அவர் கருதினால் மறுக்கலாம் என்றும் சொல்லின. 2019இல் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்த பிறகும், நடைமுறையில் இத்தகைய கோப்பு ஆட்சியரின் மேசைக்குத்தான் போகிறது. ஆகவே மற்ற காரணங்கள் எல்லாம் தோற்றாலும் அமைதி கெடும் என்ற காரணம் நிற்கக்கூடும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த வரி சேர்க்கப்பட்டிருக்கிறது.

அமைதியைக் கெடுக்கப்போவது யார் என்று மனு சொல்லவில்லை. கொட்டகையில் இத்தனை ஆண்டுகள் ஜெபம் நடந்தும் ஒரு சச்சரவும் வந்ததில்லை என்று உங்கள் கடிதத்தின் பின்பகுதியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் கெடுக்கப்போவதில்லை என்றால், மிஞ்சுவது மனுவில் கையெழுத்திடுகிறவர்கள்தான். நாங்கள் சும்மா இருக்கமாட்டோம், ஆகவே அவர்களுக்கு அனுமதி தராதீர்கள் என்று சொல்லும் தாளில், கலகம் செய்யும் எண்ணமே இல்லாத நீங்கள் எப்படிக் கையெழுத்திடுவீர்கள்? வங்கியில் இருந்தவர் நீங்கள். உண்மையல்ல என்று தெரிந்த ஒரு விவரத்துக்குக் கீழே கையெழுத்திடுவது என்ன காரியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் பங்காளிக்குச் சட்டம் பேசினால் ஏறாது. ஐயாக்களைப் பற்றி, அதாவது நம் பாட்டன்மாரைப் பற்றிப் பேசினால் ஏறலாம். கொண்டுவிற்கக் கடல் கடந்து வணிகத்துக்குப் போன ஊர்களில் நம்மவர்கள் எண்ணிக்கையில் எவ்வளவு பேர்? சிங்கப்பூரின் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் (கடையும் தங்குமிடமும் சேர்ந்த கட்டடங்கள்) பணப்பெட்டி வைத்த பெட்டியடியிலேயே உண்டு உறங்கிக் கணக்கெழுதியவர்கள், 1859இல் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணிக்குக் கோவில் கட்டினார்கள். ஆக்ஸ்லி என்ற ஆங்கிலேய மருத்துவரின் சொத்திலிருந்து வாங்கிய நிலம் அது. ஆட்சி கிறித்தவர்களுடையது, ஊரில் பெரும்பான்மையினர் சீனர்கள். முருகன் வந்தால் ஊர் அமைதி கெடும் என்று ஒரு மனு எழுதி அந்தச் சீனர்கள் கையெழுத்து வாங்கியிருந்தால் நம் ஐயாக்கள் எங்கே போயிருப்பார்கள்? அதே ஊரின் சவுத் பிரிட்ஜ் ரோட்டில், சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமிஆ பள்ளிவாசலும் மாரியம்மன் கோவிலும் இன்றுவரை கிட்டத்தட்ட அடுத்தடுத்து நிற்கின்றன. பினாங்கில் தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் வரும்போது, வழியெங்கும் தேங்காயைக் குவித்து வைத்து உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம். சைகோன் மாரியம்மன் கோவிலில் இன்று ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்களே. வருமானத்தில் ஒரு பங்கை மகமையாகக் கோவிலுக்கு எடுத்துவைத்துக் கடல் கடந்து கோவில் கட்டிய ஒரு சமூகம், தன் ஊர்க்கோடியில் ஒரு சிறு ஆலயத்தைத் தடுக்க மனு எழுதுவது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

மதமாற்றம் பற்றிய அச்சத்தையும் உங்கள் பங்காளி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மதத்தைப் பரப்பும் உரிமையில் பிறரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977இலேயே சொல்லிவிட்டது. யாரையாவது கட்டாயப்படுத்தினால் அதற்குக் காவல் நிலையம் இருக்கிறது. கட்டட அனுமதியில் அதைக் கலப்பது முறையல்ல.

அதற்காக ஊராருக்கு எந்தக் கேள்வியும் கேட்கும் உரிமை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நிலம் பட்டா நிலம்தானா, ஊருணிக் கரையோ வரத்துக்காலோ அதில் சேர்ந்திருக்கிறதா என்பதைப் பார்க்கத்தான் வேண்டும். சாலை, பூங்கா போன்ற பொது இடங்களில் புதிதாக எந்த மதத்தின் வழிபாட்டுத் தலமும் கட்ட அனுமதிக்கக் கூடாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. வண்டிகளை எங்கே நிறுத்துவார்கள், கழிவுநீர் எங்கே போகும் என்பவையும் நியாயமான கேள்விகளே. ஒலிபெருக்கியைப் பொறுத்தவரை, சென்னையில் ஒரு பெந்தகொஸ்தே சபைக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் இடையே நடந்த வழக்கில், அண்டை வீட்டார் அமைதியைக் கெடுத்து வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என 2000ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்ற விதியும் அதே ஆண்டில் வந்ததுதான். (மார்கழி விடியலில் நம் கோவில் கோபுரத்தில் கட்டும் குழாய்க்கும் இந்த விதி பொருந்தும் என்பதைப் பங்காளியிடம் இப்போதே சொல்ல வேண்டாம், ஒரே நாளில் இரண்டு அடி தாங்கமாட்டார்.)

இக்கேள்விகளை மனுவாக எழுதுவதற்கு முன், நீங்கள் நேரே அந்தக் குடும்பங்களின் பெரியவர் ஒருவரைப் போய்ப் பாருங்கள். பட்டாவையும் வரைபடத்தையும் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் தயங்காமல் காட்டுவார்கள். ஒலிபெருக்கி வெளியே வைப்பதில்லை, வண்டிகள் தங்கள் வளாகத்துக்குள்ளேயே நிற்கும் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால், வருவாய்த் துறையும் காவல் துறையும் விசாரிக்க வரும்போது அது இரு தரப்புக்கும் உதவும்.

பங்காளியிடம் பேசுவதை ஊர்க் கூட்டத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். நாலு பேர் முன்னால் மறுத்தால் அவருக்குத் தலைக்குனிவு; பிறகு உங்கள் பேச்சில் உள்ள நியாயம் அவர் காதில் விழாது. மாலையில் அவர் வீட்டு முகப்பில் உட்கார்ந்து, "அண்ணே, நம்ம கோவில் காரியம் எதுன்னாலும் முன்னால நிப்பேன், இதுல சண்டை வரும்னு எழுதியிருக்கீக, சண்டை போடப் போறது யாருன்னு எனக்குச் சொல்லுங்க, அப்புறம் கையெழுத்துப் போடுறேன்" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். நம் குன்றக்குடி ஆதீனத்தின் தலைவராக இருந்த அடிகளார், 1982இல் குமரி மாவட்டத்தில் இந்துக்களுக்கும் கிறித்தவர்களுக்கும் இடையே மூண்ட மண்டைக்காட்டுக் கலவரத்துக்குப் பிறகு அமைதிப் பணிக்கு அங்கே போய் நின்றவர் என்பதைப் பங்காளியின் வயதுக்காரர்கள் அறிந்திருப்பார்கள், தேவைப்பட்டால் நினைவூட்டலாம்.

அவர் மனம் மாறாமல் போகலாம், மனு உங்கள் பெயர் இல்லாமலேயே போய்ச் சேரலாம். விசாரணைக்கு வரும் அதிகாரி உங்களைக் கேட்டால், இத்தனை ஆண்டுகளில் சச்சரவு எதுவும் நடந்ததில்லை என்ற உண்மையை மட்டும் சொல்லுங்கள். கோவில் காரியத்தில் ஒதுக்குவார்களோ என்ற அச்சத்துக்கு என்னிடம் பெரிய மருந்து இல்லை. சில மாதங்கள் முகம் கொடுக்காமல் இருக்கக்கூடும். நீங்களாக ஒதுங்காதீர்கள். முன்னோருக்கான படைப்புக்கும் கோவில் திருவிழாவுக்கும் அழைப்பு வராவிட்டாலும் போங்கள். கோவிலுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று கட்டும் புள்ளிவரியைத் தவணை தவறாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது கேளுங்கள். வாங்க மறுத்தால் கோவில் பெயருக்குக் காசோலை எழுதி விரைவுத் தபாலில் அனுப்பி, அதன் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.